சேவைக்கு எதற்குப் பட்டம்?

கேள்வி: மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க ஆசைப்படுகிறாள். சேவை செய்யப் பட்டம் வேண்டுமா?
– வாசகர், கடையம்

பதில்: இரக்கம் இருந்தால் உதவலாம். ஆனால் குடிநோயாளியின் குடும்பத்திடம் எப்படிப் பேசுவது, ஊரை எப்படித் திரட்டுவது, ஆய்வு செய்து தேவையை எப்படி அறிவது என்பதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். அதற்காகவே 1936இல் பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், 1952இல் சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் தோன்றின. இரண்டாண்டுப் படிப்பில் வகுப்போடு களப்பணியும் கட்டாயம். மருத்துவமனை, தொழிற்சாலை, தொண்டு நிறுவனங்களில் வேலை கிடைக்கும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. உங்கள் மாவட்டத்து ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே நடக்கும் பணியை மகளோடு போய்ப் பாருங்கள். பிறகும் அவள் உறுதியாக இருந்தால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.