வாசல் என்னும் சொல்

பவானிப் பக்கத்தில் வாசல் என்றால் கதவு இருக்கும் இடம் மட்டும் அல்ல. வீட்டுக்கு முன்னே சாணம் தெளித்துக் கோலம் போடும் வெளியும் வாசல்தான். சோளம் காய்வது வாசலில். கோடை இரவில் கட்டில் போட்டுப் படுப்பதும் வாசலில்.

இல்லத்தின் வாய் ‘இல்வாய்’. அது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனதை இலக்கணப்போலி என்பார்கள். ஈயல் ஈசல் ஆனது போல வாயில் வாசல் ஆயிற்று. மரச்சட்டத்துக்கு நிலை என்று பெயர். மிதித்து ஏறுவது படி. வாசல் என்பது இவற்றுக்கு நடுவே உள்ள திறப்பு. திறப்பைக் குறிக்கும் சொல்லைத்தான் மனிதர் தடுப்பதற்கும் வைத்துக்கொண்டார்கள்.

கோவை கலெக்டர் வில்லியம் காரோ பவானியில் தங்கியிருந்தவர். சங்கமேஸ்வரர் கோவில் வேதநாயகி அம்மனுக்கு 1804இல் தந்தக் கட்டில் கொடுத்தார். வேற்று மதத்தவர் என்பதால் அவர் உள்ளே போக வழியில்லை. மதிலில் துளையிட்டு, அதன் வழியே அம்மனைத் தரிசித்தார் என்பது ஊர் வழக்கு. ஜில்லாவை ஆண்டவருக்குத் துளையாவது கிடைத்தது. அதே காலத்தில் திருவிதாங்கூரில் சான்றோர் முதலான பல சாதியாருக்குக் கோவில் வாசல் மட்டுமல்ல, அதைச் சுற்றிய தெருவும் அடைபட்டிருந்தது. அங்கே அரசர் கோவில் கதவைத் திறந்துவிட்டது 1936 நவம்பர் 12இல். கொங்கு நாடு அடங்கிய சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939இல்.

அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்து வந்த அய்யா வைகுண்டர், சாமித்தோப்பில் தவமிருந்தார். அந்தத் தவ இடத்தை அன்புக்கொடி மக்கள் ‘வடக்கு வாசல்’ என்கிறார்கள். தவம் செய்த இடத்துக்கு வாசல் என்று ஏன் பெயர் என்று சிலர் கேட்பதுண்டு. கொங்கு நாட்டார் இப்படிக் கேட்க வேண்டியதில்லை. உட்காரவும், கூடவும், வந்தவரோடு பேசவும் உரிய வெளியை அவர்கள் வாசல் என்றே சொல்லி வளர்ந்தவர்கள். நோயும் துயரமும் கொண்டு வந்த எளிய மக்கள் அய்யாவைக் கண்டதும் அப்படியொரு வெளியில்தான்.

வடக்கு வாசலில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. வந்து நிற்பவர் எந்தச் சாதியானாலும் அதில் தெரிவது அவர் முகமே. முத்திரிக்கிணற்றில் எல்லாரும் ஒரே நீரில் நீராடி, ஆண்கள் தலைப்பாகை கட்டி, அந்தக் கண்ணாடி முன் வந்து நிற்கிறார்கள்.