பிங்: குரல் கொடுத்துப் பார்ப்போம்

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். பள்ளிக் கணிப்பொறி அறையில் ஒரு மாணவன் விண்ணப்பப் பக்கத்தைத் திறக்க முயல்கிறான். திரையில் ஏதோ எச்சரிக்கை தோன்றுகிறது, பக்கம் வரவில்லை. ஓரளவு விவரம் தெரிந்தவனாதலால், கட்டளைத் திரையைத் திறந்து 'பிங்' என்று தட்டி, அதன் பக்கத்தில் அந்த இணையதளத்தின் பெயரையும் தட்டுகிறான். நான்கு வரிகளிலும் ஒரே விடை: 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. "அவங்க சர்வரே படுத்துடுச்சு, சார்" என்று ஆசிரியரிடம் கூறிவிட்டு எழுந்துவிடுகிறான். ஆனால் அடுத்த மேசையில் அவனுடைய தோழி அதே பக்கத்தைத் திறந்து, விண்ணப்பத்தில் பாதியை நிரப்பி முடித்திருக்கிறாள்!

பிங் பொய் சொல்லிற்றா? இல்லை. அது சொல்லாத ஒன்றை அவன் சொன்னதாக எடுத்துக்கொண்டான். அப்படியானால் அது சொல்வதுதான் என்ன?

கிணற்றினுள் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வருகிறதல்லவா? பிங் செய்வதும் அதுவே. நம் கணிப்பொறி ஒரு சிறு செய்திப் பொட்டலத்தை மற்றொரு கணிப்பொறிக்கு அனுப்புகிறது. 'இது கிடைத்தால் அப்படியே திருப்பி அனுப்பு' என்பதே அதன் பொருள். திரும்பி வந்தால், போய்வர எவ்வளவு நேரமாயிற்று என்று மில்லி வினாடியில் காட்டுகிறது. விண்டோஸ் கணிப்பொறி இவ்வாறு நான்கு பொட்டலங்களை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் 4 வினாடிவரை காத்திருக்கும்.

எதிரொலி கேட்கும் இந்த முறைக்கான விதிகள் 1981-இல் வெளியாயின. அவற்றைக் கொண்டு பிங் நிரலை எழுதியவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ். 1983 டிசம்பரில் அங்கிருந்த வலையமைப்பு கோளாறு செய்யவே, காரணம் தேடுவதற்காக ஒரே மாலைப்பொழுதில் ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் இதை எழுதி முடித்தார். வேடிக்கை என்னவென்றால், நிரல் தயாராவதற்குள் அந்தக் கோளாறை வேறொருவர் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டிருந்தார்! நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலியையே தம் நிரலுக்குப் பெயராக வைத்தார்.

இனி, கணிப்பொறி அறைக்குத் திரும்புவோம். தோழி அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். "தூரத்தில் இருப்பதை முதலில் கேட்காதே, பக்கத்திலிருந்து தொடங்கு" என்கிறாள். மிகச் சரியான யோசனை.

முதலில் 127.0.0.1 என்ற எண்ணுக்கு பிங் கொடுக்கிறார்கள். இது எந்தக் கணிப்பொறிக்கும் 'நான்' என்று பொருள்படும் முகவரி. பொட்டலம் வெளியே போகாது. கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் விடை வரும். உள்ளிருக்கும் வலையமைப்பு மென்பொருள் சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் இது எதையும் காட்டாது. அடுத்து ரூட்டர். 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டினால் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் அதன் எண் தெரியும். பல இடங்களில் அது 192.168.1.1 ஆக இருக்கும். அங்கிருந்து விடை வந்தால் அறைக்குள் இருக்கும் கம்பி வழி நன்றாக உள்ளது. பிறகு 8.8.8.8. இது கூகுள் நிறுவனம் 2009 முதல் நடத்திவரும் பெயர்தேடும் சேவையின் எண். இதுவும் பதிலளித்தால் ரூட்டருக்கு அப்பாலும் பாதை திறந்திருக்கிறது.

எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு மட்டும் 'ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால், பாதையில் பழுதில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில்தான் பழுது. தொலைபேசி வேலை செய்கிறது, எண் எழுதிய குறிப்பேடுதான் தொலைந்துவிட்டது என்பது போன்ற நிலை இது.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். சில சமயம் '192.168.1.5-இலிருந்து பதில்: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரும். கீழே கணக்கில் 'இழப்பு 0 சதவீதம்' என்றும் காட்டும். பார்ப்பவர் எல்லாம் நலம் என்று எண்ணிவிடுவார். அந்த எண் யாருடையது என்று கவனித்தீர்களா? அது நம்முடைய கணிப்பொறியின் எண்ணாகவே இருக்கலாம்! தேடிய கணிப்பொறி அகப்படவில்லை என்று நம் இயந்திரமே நமக்குச் சொல்வதை, விண்டோஸ் 'வந்த பதில்' என்று எண்ணிக்கொள்கிறது. ஆகவே பதில் வந்ததா என்று மட்டும் பாராமல், யாரிடமிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

நான்கில் இரண்டு வருவதும் இரண்டு தொலைவதுமாக இருந்தால் இணைப்பு முனை எங்கோ தளர்ந்திருக்கக் கூடும். ஒரு வலையமைப்பு நிர்வாகி இத்தகைய கோளாறைப் பிடித்த கதையை மைக் மூஸ் விரும்பிச் சொல்வார். அந்த நிர்வாகி ஒவ்வொரு பதிலுக்கும் 'பிங்' என்று குரலெழுப்புமாறு கணிப்பொறியை ஒலிபெருக்கியோடு இணைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, கட்டடம் முழுவதும் நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தாராம். எந்த முனையை ஆட்டும்போது சத்தம் நின்றதோ, அதுவே குற்றவாளி!

பதில் வர எடுத்துக்கொண்ட நேரத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கி.மீ. போக 16 மில்லி வினாடி, வர 16. ஆக 32-க்குக் குறைந்து அந்த வழியில் விடை வர இயலாது. இப்போது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தளத்துக்கு பிங் கொடுத்து, 4 மில்லி வினாடியில் பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் தந்த கணிப்பொறி எவ்வளவு தொலைவில் இருக்கலாம்? அதிகபட்சம் 400 கி.மீ. அது அமெரிக்காவில் இல்லை. நமக்கு அருகில் வைக்கப்பட்ட நகல்.

நம் மாணவனுக்கு ரூட்டர் பதிலளித்தது, 8.8.8.8-உம் பதிலளித்தது. விண்ணப்பத் தளம் மட்டும் மௌனம் சாதித்தது. தோழியின் கணிப்பொறியிலிருந்து கேட்டாலும் அதே மௌனம்! தளத்தை நடத்துவோர் பிங் பொட்டலங்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அவ்வாறு செய்வோர் பலர். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பி-யில் ஃபயர்வால் தொடக்கத்திலேயே இயங்கும்படி ஆக்கப்பட்டதிலிருந்து, பக்கத்து மேசைக் கணிப்பொறிகூட பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுண்டு. கதவைத் தட்டியும் குரல் வராததால் வீட்டில் ஆளில்லை என்று சொல்லிவிட முடியுமா?

பாதை சரி, தளமும் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் பக்கம் ஏன் திறக்கவில்லை? அதுவரை யாரும் வாசிக்காத அந்த எச்சரிக்கையைத் தோழி வாசித்தாள். பிறகு திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தாள். அங்கே தேதி 2009 ஜனவரி 1!

கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், மின்இணைப்பு போய் வரும்போதெல்லாம் தேதி பழைய நாளுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் தங்களை அடையாளம் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009-இல் நின்றுவிட்ட கணிப்பொறிக்கு, அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை; ஆகவே பிரவுசர் கதவைச் சாத்திவிடுகிறது. பிங்கோ தேதி பார்ப்பதில்லை.

தேதியைத் திருத்தினார்கள், பக்கம் திறந்தது. அப்போது மணி நாலரை. விண்ணப்பம் ஐந்துக்குள் போய்விட்டது. புதிய பேட்டரி போடும்வரை அந்த மேசையில் உட்காருகிறவர் தினமும் முதலில் தேதியைத் திருத்த வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.