பத்து, ஒன்பது, எட்டு

தாதர் ரயில் நிலையம். தமிழ்நாட்டிலிருந்து ரயில் வந்து நிற்கிறது. கூட்டம் இறங்குகிறது. கூட்டத்தோடு ஒரு சிறுவனும் இறங்குகிறான். அவனோடு பெரியவர்கள் யாரும் இல்லை. கையில் பையும் இல்லை.

இப்படிப் பல பிள்ளைகள் மும்பைக்கு வருகிறார்கள். செம்பூருக்கு அருகே உள்ள லோகமான்ய திலக் டெர்மினஸிலும் இறங்குகிறார்கள். அப்பாவின் அடி தாங்காமல் வருகிறவர்கள் உண்டு. பரீட்சையில் தோற்றுப் பயந்து வருகிறவர்கள் உண்டு. வேலை தேடி வருகிறவர்களும் உண்டு. இன்னும் சிலர் மும்பையின் நடைபாதையிலேயே பிறந்தவர்கள்.

முதல் இரவு

சிறுவனுக்குப் பசிக்கிறது. இந்தி தெரியாது. மராத்தியும் தெரியாது. பிளாட்பாரத்தில் படுத்தால் விரட்டுகிறார்கள். யாரைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

அப்போது ஒருவன் வருகிறான். வடா பாவ் வாங்கித் தருகிறான். படுக்க இடம் காட்டுகிறான். இரண்டு நாள் கழித்து ஒரு துணியை நீட்டுகிறான். "மோந்து பார். பசி தெரியாது" என்கிறான்.

அந்தத் துணியில் இருப்பது செருப்பு ஒட்டும் சொல்யூஷன். அல்லது பெயின்டில் கலக்கும் தின்னர். கள்ளச் சரக்கு அல்ல. வேலைக்குப் பயன்படும் பொருள். விலையும் குறைவு. அதனால்தான் சின்னப் பிள்ளைகள் முதலில் இதில் விழுகிறார்கள்.

கெட்ட புத்தியால் அவன் அதை வாங்கவில்லை. பசி, குளிர், பயம், தனிமை ஆகிய நான்கும் அவனை வாங்க வைத்தன. சோறு போட்டவன் சொல்லைப் பிள்ளை கேட்கிறது. முதலில் சோறு போடுகிறவர் நல்லவராக இருந்தால், அந்தத் துணிக்கு வேலை இல்லை.

உடம்பு என்ன ஆகும்?

சொல்யூஷனின் ஆவி நுரையீரல் வழியாக மூளைக்குப் போகிறது. பசி மறந்து போகிறது. ஆனால் உடம்பு பட்டினி கிடக்கிறது. நாளாக நாளாக மறதி வரும். கை நடுங்கும். நடை தள்ளாடும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். முதல் தடவையிலேயே இதயம் நின்று போவதும் உண்டு.

மோந்து கொண்டிருக்கும் பிள்ளையைக் கம்பெடுத்து விரட்டக் கூடாது. திடீர் பயமும் ஓட்டமும் அந்த நேரத்தில் இதயத்தை நிறுத்திவிடலாம். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 எண்ணில் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

சொல்யூஷனில் தொடங்கிய சிலர் பிரவுன் சுகருக்குப் போகிறார்கள். 1980-களில் இது பம்பாயில் பரவியது. தெருவில் இதைக் 'கர்த்' என்பார்கள். இதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் வலிக்கும். வாந்தி, பேதி வரும். கட்டிப் போட்டு வைப்பது வைத்தியம் ஆகாது. டாக்டரிடம் போக வேண்டும். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு.

மும்பையில் பிறந்த எண்

செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சமூக சேவைப் படிப்பு சொல்லித் தரும் இடம் அது. அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜெரு பில்லிமோரியா. அவர் தெருப் பிள்ளைகளோடு பழகினார். ஆபத்து என்றால் பிள்ளைகள் அவர் வீட்டுக்கே போன் செய்தார்கள். இரவிலும் செய்தார்கள். ஒருவர் வீட்டுப் போன் எத்தனை பிள்ளைகளுக்குப் போதும்? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் எண் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1996 ஜூன் மாதம் அந்த எண் வந்தது. அதுதான் 1098, சைல்டுலைன். இந்தியில் 'தஸ், நவ், ஆட்'. தமிழில் பத்து, ஒன்பது, எட்டு. எண்ணைத் தலைகீழாகச் சொல்வது போல் இருக்கும். படிக்காத பிள்ளைக்கும் மறக்காது.

மும்பையில் தொடங்கிய இந்த எண் பிறகு நாடு முழுவதும் பரவியது. 2023 முதல் இதை அரசு நடத்துகிறது. காசு இல்லாமல் பேசலாம். இரவு பகல் எந்த நேரமும் பேசலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல் வந்தது. தெருவில் போதைக்கு ஆளாகும் ஆபத்தில் இருக்கும் பிள்ளையை இந்தச் சட்டம் திருடனைப் போல் பார்க்கவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. அந்தப் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டு போக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. பெற்றோரிடம் அனுப்பலாமா, காப்பகத்தில் வைக்கலாமா என்று குழு முடிவு செய்யும்.

பிள்ளைக்குப் போதைப் பொருள், சாராயம், புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளையை வைத்துப் போதைப் பொருளை விற்றாலும் இதே தண்டனைதான்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

டீக்கடைக்காரர், கூலி சுமப்பவர், இட்லி விற்பவர் ஆகியோர்தான் பிள்ளையை முதலில் பார்க்கிறார்கள். தாராவியிலிருந்து வந்து மாட்டுங்காவில் இட்லி விற்கும் ஓர் அக்கா இப்படிப் பேசலாம்:

"ஏய்யா, சாப்ட்டியா?"

"இல்லக்கா. துட்டு இல்ல."

"துட்டு யார் கேட்டா? உக்காரு. எந்த ஊரு?"

"சங்கரன்கோவில் பக்கம்."

"அப்ப நம்ம சீமைதான். ராத்திரி எங்க படுத்த?"

இந்த நாலு வார்த்தை போதும். பிள்ளையின் பயம் பாதி குறையும். பிறகு அவனிடம் சொல்லிவிட்டே 1098-க்குப் போன் செய்யலாம். ஏமாற்றிப் பிடித்துக் கொடுத்தால் அவன் மறுபடி யாரையும் நம்ப மாட்டான்.

பாவம் பார்த்து அவனைக் கடை வேலைக்கு வைத்துக் கொள்ளக் கூடாது. காசாகக் கொடுப்பதும் நல்லதல்ல. காசு சொல்யூஷனாக மாறும். சோறாகக் கொடுங்கள்.

18 வயதைத் தாண்டிய இளைஞருக்கு வேறு எண் உண்டு. போதையை விட நினைப்பவரும், அவர் வீட்டாரும் 14446-ல் பேசலாம். அதற்கும் காசு இல்லை.

காப்பகத்துக்குப் போன பிள்ளை சில நாளில் ஓடி வந்துவிடலாம். விட்ட போதையை மறுபடி தொடலாம். இது அடிக்கடி நடக்கிறது. "இவன் திருந்த மாட்டான்" என்று கைவிட வேண்டாம். மறுபடி சோறு கொடுங்கள். மறுபடி போன் செய்யுங்கள்.

யோசித்துப் பேசுங்கள்

1. பிள்ளைகள் எந்தெந்தக் காரணங்களால் வீட்டை விட்டு ஓடுகிறார்கள்?
2. போதையில் இருக்கும் பிள்ளையை ஏன் விரட்டக் கூடாது?
3. உங்கள் தெருவில் தனியாகத் திரியும் பிள்ளை யார்? அவன் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

எழுதிப் பழகுங்கள்

1098. இந்த எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். கடைச் சுவரில், குழாயடியில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள்.