ஓய்வு அறிவித்தால் ஒப்பந்தம் முடிந்துவிடுமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஹாக்கி மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்கு இன்று லீக் என்பது எட்டாத கனவல்ல. 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி வந்தது. லீக் வந்தால் ஒப்பந்தம் வரும். கூடவே சில தவறான நம்பிக்கைகளும் வரும்.

அவற்றில் முதலாவது, "பிடிக்காவிட்டால் ஓய்வு என்று சொல்லிவிட்டு வேறு லீக்குக்குப் போய்விடலாம்" என்பது. இப்படி நம்புகிறவர்கள் ரஷ்ய ஐஸ் ஹாக்கி வீரர் இல்யா கோவல்சுக்கை உதாரணம் காட்டுவார்கள். 2010இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியுடன் 15 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர் அவர். 2013 ஜூலையில், 12 ஆண்டுகளும் 7.7 கோடி டாலரும் மிச்சமிருக்க, ஓய்வு அறிவித்தார். சில நாட்களிலேயே ரஷ்ய லீக்கின் எஸ்.கே.ஏ. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார். நடந்தது உண்மைதான். ஆனால் அந்த 7.7 கோடியை அவர் துறந்தார். அமெரிக்க லீக்குக்குள் அவர் மீதான உரிமை பழைய அணியிடமே இருந்தது. 35 வயதான பிறகே, 2018இல், தன் விருப்பப்படி லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணிக்கு வர முடிந்தது. பழைய அணியும் தப்பவில்லை. அதன் சம்பள உச்சவரம்பில் 2024-25 வரை ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் கழிக்கப்பட்டது.

ஓய்வுகூட அறிவிக்காமல் 2008இல் நாஷ்வில் அணியை விட்டு ரஷ்யா போன இன்னொரு ரஷ்ய ஐஸ் ஹாக்கி வீரர் அலெக்சாந்தர் ரதுலோவ், 2012இல் அமெரிக்கா திரும்பியபோது மிச்சமிருந்த ஓராண்டு ஒப்பந்தப்படி அதே அணிக்கே ஆட வேண்டியிருந்தது. ஓய்வு அறிவிப்பு ஒப்பந்தத்தைக் கிழிப்பதில்லை. ஒரு கதவை அடைத்துச் சாவியைப் பழைய அணியிடம் கொடுப்பதுதான் அது.

"கிரிக்கெட் வீரர் அஸ்வின் அப்படித்தானே செய்தார்?" என்பார்கள். இல்லை. இந்திய கிரிக்கெட் வாரியம் ஆண் வீரர்களை வெளிநாட்டு லீக்குகளுக்கு விடுவதில்லை. உள்நாட்டுப் போட்டிகளையும் ஐ.பி.எல்.லையும் முற்றிலும் விட்டவர்களுக்கே அனுமதி. அதனால்தான் 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லுக்கு விடைகொடுத்த பிறகே அஸ்வின் சிட்னி தண்டர் அணியில் ஒப்பந்தமானார். வழி திறந்தது, விலையும் உண்டு. ஓய்வுக்குப் பின் வெளிநாட்டில் ஆடிய யுவராஜ் சிங், 2020இல் பஞ்சாபுக்காக மீண்டும் ஆட விரும்பியபோது வாரியம் மறுத்துவிட்டது.

நம்மூர் ஹாக்கியில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. இந்திய அணியிலிருந்து ஓய்வு என்றால் ஆட்டத்திலிருந்தே ஓய்வு என்று நினைக்கிறார்கள். இந்திய ஹாக்கி வீரர் ரூபிந்தர் பால் சிங் 2021 செப்டம்பரில் தேசிய அணிக்கு விடைகொடுத்தார். அடுத்த ஆண்டே திரும்பி ஆசியக் கோப்பை அணிக்குத் தலைவராக அறிவிக்கப்பட்டார். ஆட்டத்தையே விட்டிருந்தால் அது நடந்திருக்காது. தேசிய அணி வேறு, லீக் ஒப்பந்தம் வேறு.

மிகவும் ஆபத்தான நம்பிக்கை, "யார் நடத்தினால் என்ன, பணம் தந்தால் ஆடலாம்" என்பது. 2012இல் இந்திய ஹாக்கி சம்மேளனமும் நிம்பஸ் நிறுவனமும் உலகத் தொடர் ஹாக்கியை நடத்தின. சென்னை சீட்டாஸ் அணியும் அதில் ஆடியது. சர்வதேச ஹாக்கிச் சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை. அங்கீகாரமற்ற போட்டியில் ஆடினால் தடை என்ற விதியை எதிர்த்து, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் 2011இலேயே இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டிருந்தார்கள். சட்டமீறல் இல்லை என்று 2013 மே மாதம் ஆணையம் தீர்ப்பளித்தது. விதி நின்றது; அந்த லீக் ஒரே பருவத்தோடு நின்றுபோனது. வீரனின் பிழைப்பை ஒரே சங்கம் பூட்டி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் அதுதான் நடைமுறை.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் ஒப்பந்தம் நீட்டப்பட்டால் தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். போட்டிக்கு அங்கீகாரம் உண்டா, இடையில் விலகினால் என்ன இழப்பு, திரும்பிவர யார் அனுமதி தேவை என்ற பகுதிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.