வண்ணத்துப்பூச்சியின் மெய்யுருவம்

மேட்டுப்பாளையத்தைக் கடந்து உதகை செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றால் கல்லாறு என்னும் மலையடிவாரம் எதிர்ப்படும். ஒருபால் பாக்குத் தோப்புகள். மற்றொருபால் அடர்ந்த காடு. இடையே பாறைகளைத் தழுவியோடும் ஆறு. கோவை மாவட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகள் மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் இஃது ஒன்றாகும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து வண்ணத்துப்பூச்சிகள் திரள் திரளாகப் புறப்பட்டு, கொங்குச் சமவெளியைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி வலசை போகும்.

முற்காலத்தில் பூச்சிகளை ஆராய்ந்தோர் அவற்றை வலையால் பிடித்துக் கொன்று, ஊசி குத்திப் பெட்டிகளில் அடுக்கி வைத்தனர். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பூச்சி அருங்காட்சியகத்தில் அவ்வாறு பதப்படுத்தப்பட்ட பூச்சிகளைக் காணலாம். ஆராய்ச்சிக்கு அவை இன்றியமையாதவை. எனினும், எந்த இனம் எந்நாளில் எவ்விடத்தில் பறந்தது என்று அறிவதற்கு ஓர் உயிரை மாய்க்க வேண்டுவதில்லை. தெளிவான ஒளிப்படம் ஒன்றே பெரும்பாலும் போதும். பூச்சியும் பிழைக்கும், சான்றும் கிட்டும்.

அத்தகைய படம் எடுப்பதற்கு முதற்கண் வேண்டுவது பொறுமை. வண்ணத்துப்பூச்சியின் உடல் தானே போதிய வெப்பத்தை உண்டாக்கிக் கொள்வதில்லை. ஆதலின், காலை இளவெயிலில் அது இறக்கைகளை விரித்துக் குளிர் காயும். ஆற்றோரத்து ஈரமணலில் உப்புச் சத்தை உறிஞ்சும் ஆண் பூச்சிகள் நெடுநேரம் ஓரிடத்திலேயே அமர்ந்திருக்கும். இவ்விரு வேளைகளும் படமெடுக்க ஏற்றவை. ஆயினும் விரைந்து சென்றாலோ, தன் நிழல் பூச்சியின்மேல் விழுமாறு நின்றாலோ, அது நொடியில் பறந்துவிடும். உடலைத் தாழ்த்தி, மெல்ல நகர்ந்து செல்பவனுக்கே அது வாய்க்கும்.

அண்மையில் நின்று எடுக்கும் படத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் மிகக் குறைவு. சிறு பூச்சி ஒன்றை அதன் உண்மை அளவிலேயே பதிவு செய்யும்போது, அவ்வாழம் இரண்டு மில்லிமீட்டரைக்கூட எட்டாமற் போவதுண்டு. காமிராவின் துளையைச் சுருக்கினால் ஆழம் சற்றுக் கூடும். அளவுக்கு மேல் சுருக்கினாலோ ஒளி குறைவதோடு படம் முழுவதுமே மங்கும். ஆதலின், காமிராவின் முதுகுப்புறம் இறக்கைக்கு இணையாக இருக்குமாறு பிடித்தல் நலம். அப்பொழுது இறக்கை முழுவதும் ஒரே கூர்மையுடன் பதியும். கண் தெளிவாக இருத்தல் வேண்டும். கண் மங்கினால் படத்தின் உயிர்ப்பே குன்றும். பின்னணி அமைதியாகவும், பூச்சி நோக்கும் திசையில் சிறிது வெளி எஞ்சியும் இருப்பின் படம் அழகு பெறும். பல இனங்களை அடிப்புறத்துப் புள்ளிகளைக் கொண்டே அறிய இயலும். ஆகவே மேற்புறம், அடிப்புறம் ஆகிய இரண்டையும் எடுத்தல் வேண்டும்.

முன்னாளில் படச்சுருளை இருட்டறையில் மருந்து நீரிலிட்டுக் கழுவிப் படமாக்கினர். இந்நாளில் அப்பணியைக் கணினி செய்கின்றது. மரநிழலில் படர்ந்த நீலச்சாயலை நீக்கலாம். குறைந்த ஒளியைக் கூட்டலாம். வேண்டாத ஓரங்களை வெட்டலாம். இவை கண்டதைக் கண்டவாறு காட்டும் திருத்தங்களாகும். இவற்றிற்கு அப்பாற் செல்வதே பிழைக்கு வழியாகும்.

வலசை போகும் கூட்டத்தில் ‘காமன் குரோ’, ‘டபுள் பிராண்டட் குரோ’ என்னும் இரு கரிய இனங்கள் உள்ளன. இரண்டும் உருவத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். முன்னதன் ஆணுக்கு முன்னிறக்கையின் மேற்புறத்தில் ஒரு கோடும், பின்னதன் ஆணுக்கு இரு கோடுகளும் உண்டு. படத்தைத் தூய்மை செய்பவர் அக்கோடுகளுள் ஒன்றைக் கீறல் என்று கருதி அழித்துவிட்டால், ஓர் இனம் மற்றோர் இனமாகிவிடும்! 2019-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்ற ‘தமிழ் மறவன்’ செம்மஞ்சள் நிறம் உடையது. காண்போரைக் கவரும் பொருட்டு அந்நிறத்தைக் குருதிச் சிவப்பாக மாற்றுவோர், உலகில் இல்லாத ஒரு பூச்சியையே படைத்தவராவர்.

பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அது அசைவற்றிருக்கும்போது படமெடுப்போரும் உளர். அவ்வாறு பெற்ற படம் எத்துணை அழகியதாயினும் போற்றத் தக்கதன்று. உயிரைக் காக்க எழுந்த கலை உயிரை வருத்துதல் முறையாகுமோ?

படமெடுத்த நாளையும் இடத்தையும் உடன் குறித்து வைத்தால், ஓர் எளிய மாணவன் எடுத்த படமும் நாளைய ஆராய்ச்சிக்குச் சான்றாக நிற்கும். வண்ணங்களை இயற்கை முன்னரே தீட்டி வைத்துள்ளது. அவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துக்காட்டுவதே ஒளிப்படக் கலைஞனின் கடமையாகும்.