கமாவில் வெட்டினால் சிஎஸ்வி ஆகிவிடுமா?

நம்பிக்கை: சிஎஸ்வி என்பது கமா போட்ட வெறும் டெக்ஸ்ட். வரி வரியாகப் படித்து, கமாவில் உடைத்தால் வேலை முடிந்தது.

உண்மை: செங்கத்தில் உழவர் குழு ஒன்று, ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து சாமையும் புளியும் கொடுப்பவர்களின் பட்டியலை இணையதளத்தில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, கைபேசி, தொகை என நான்கு பத்திகள். முகவரியில் "12, பெரிய தெரு, செங்கம்" என்றிருக்கும். கமா இல்லாமல் முகவரி எழுதும் வழக்கம் நம்மிடம் ஏது? கமாவில் உடைத்ததும் கைபேசி எண்ணுக்குரிய இடத்தில் 'பெரிய தெரு' வந்து உட்காரும். தொகை 'செங்கம்' ஆகிவிடும். இதற்காகத்தான் எக்செல் அந்த முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துச் சேமிக்கிறது. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணப்படி மேற்கோளுக்குள் கமா மட்டுமல்ல, புது வரியும் வரலாம். ஆக, வரி வரியாகப் படிப்பதும் சரிப்படாது. பிஎச்பியில் எஃப்கெட்சிஎஸ்வி, பைத்தானில் சிஎஸ்வி மாட்யூல் எல்லாம் தயாராக இருக்கும்போது சொந்தமாக வெட்டுவது வீண் வீரம்.

நம்பிக்கை: சரியாகப் பிரித்துவிட்டால் எண்கள் எண்களாகவே வந்துவிடும்.

உண்மை: "1,25,000" ஒரே கட்டமாக வந்துவிட்டது, நல்லது. அதை அப்படியே பிஎச்பியில் முழு எண்ணாக மாற்றிப் பாருங்கள்: விடை 1. ஒன்றேகால் லட்சம் ஒற்றை ரூபாயாகிவிடும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. முதலில் கமாக்களை நீக்குங்கள். பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தால் அதை எழுத்தாகவே வையுங்கள். முன்னால் உள்ள பூஜ்யமும் அதில் சேர்த்தி. ஆனால் சிஎஸ்வியை எக்செலில் திறந்து மறுபடி சேமித்திருந்தால் அந்த பூஜ்யம் ஏற்கெனவே போயிருக்கும். 12 இலக்க ஆதார் எண் இருந்தால் அதன் கடைசி இலக்கங்களும் அடுக்குக்குறி வடிவில் தொலைந்திருக்கும். இதை எந்த ஸ்கிரிப்டாலும் மீட்க முடியாது, மூலக் கோப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நம்பிக்கை: தமிழில் தலைப்பு வைத்தால் ஸ்கிரிப்ட் குழம்பும்.

உண்மை: குழப்புவது தமிழ் அல்ல. யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகளைச் சேர்க்கிறது. அவற்றை நீக்காவிட்டால் முதல் தலைப்பான 'பெயர்' பொருந்தாது. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் என்றால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

நம்பிக்கை: இதெல்லாம் சின்ன ஊர்ச் சிக்கல்.

உண்மை: 2020-இல் இங்கிலாந்தில், ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி விவரங்களைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதன் வரம்பு 65,536 வரிசைகள். 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். செங்கத்துப் பட்டியலானாலும், எத்தனை வரிசை வந்தது என்ற எண்ணிக்கையையும் முதல் ஐந்து வரிசைகளையும் காட்டி, ஏற்றியவர் சரியென்ற பிறகே ஸ்கிரிப்ட் சேமிக்கட்டும்.