முதல் பேட்ச் அனுப்பப் போறீங்களா?

ஜூனியர்ஸ், லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்ப பெரிய மூளை வேணும்னு நானும் ரெண்டு வருஷம் பயந்துட்டே இருந்தேன். டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள்ள 'ஸ்டேஜிங்'னு ஒரு இடம் இருக்கு. இன்னும் தரம் தேறாத டிரைவர்கள் அங்கதான் இருக்கும். அதில் ஒரு ஃபைலை எடுத்து 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டை ஓட்டுங்க. காட்டும் குறைகளில் ஒரே ஒரு வகையை மட்டும் சரிசெய்யுங்க. கம்பைல் பண்ணாம அனுப்பாதீங்க, ப்ளீஸ்.

என்ன மாத்தினீங்கனு டிஃப்லயே தெரியும். ஏன் மாத்தினீங்கனு கமிட் மெசேஜில் எழுதணும். கடைசியில் உங்க பெயரோட 'சைன்ட்-ஆஃப்-பை' வரி. 2004-ல் வந்த வழக்கம் இது. இந்தக் கோடை இந்த லைசென்ஸில் தர எனக்கு உரிமை உண்டு என்று நீங்க கொடுக்கிற உறுதி. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத இது ரெக்கார்ட் நோட் இல்ல.

யாருக்கு அனுப்பணும்னு 'கெட்-மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லும். 'கிட் செண்ட்-ஈமெயில்' வழியாவே அனுப்புங்க. நான் முதல் தடவை வெப்மெயிலில் பேஸ்ட் பண்ணேன். டேப் எல்லாம் ஸ்பேஸா மாறி, பேட்ச் அப்ளையே ஆகல. ஒரே வரியில் பதில் வந்தது. ரெண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கல.

திருத்தினா தலைப்பில் 'வி2' போட்டு, மூணு டேஷுக்குக் கீழே மாற்றத்தைச் சொல்லி, திரும்ப அனுப்புங்க. பதில் இல்லைன்னா ஒரு வாரமாவது பொறுங்க. என்னோடதை வி3-ல்தான் ஏத்துக்கிட்டாங்க. மாத்தினது மொத்தம் நாலு வரி.